பெலுட்டும் ஆரலும் விலாங்கும்: சேற்று மீன்களில் யார் யாருக்கு உறவு?

சிங்கப்பூர் சைனாடவுன் ஈரச்சந்தையில் உயிர்மீன் விற்கும் கடைகளில், பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழுப்பும் மஞ்சளுமாக ஒன்றன்மேல் ஒன்று நெளியும் ஒரு மீனைச் சிலர் பார்த்திருக்கலாம். மலாய்க்காரர்கள் அதை பெலுட் என்பார்கள். சீனக் கடைக்காரர் மாண்டரினில் ஷான்யூ என்பார். நம்மவர்களில் பாதிப் பேர் பாம்பென்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். ஊரில் ஏரிமீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மட்டும் எட்டிப் பார்த்து, "அட, விலாங்கு!" என்பார்கள்.

அது பாம்பில்லை என்பது சரி. ஆனால் விலாங்கும் இல்லை. அதன் உறவுக்காரர்களைத் தேடினால் விலாங்கைத் தாண்டி ஆரல் மீனிடம் போக வேண்டும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் விராலும் பனையேறிக் கெண்டையும் வரும். நீளமாக, வழுவழுவென்று, துடுப்பில்லாமல் இருக்கும் உடல் மீனுலகில் பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. சேற்றில் குடியிருக்க அந்த வடிவம் தோதாக இருப்பதால், யார் சேற்றுக்குள் போனாலும் ஏறக்குறைய அதே வடிவத்துக்கு வந்து சேர்கிறார்கள். உயிரியலில் இதற்குக் குவிப் பரிணாமம் என்று பெயர். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் சேற்று மீன்களின் வகைப்பாட்டில் பாதி புரிந்துவிடும்.

முதலில் உண்மையான விலாங்கைப் பார்ப்போம். ஆற்றிலும் ஏரியிலும் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது முட்டையிடக் கடலுக்குத்தான் போகும். தமிழ்நாட்டு ஆறுகளில் கிடைக்கும் விலாங்கும் அப்படித்தான். இங்கே ஜப்பானிய உணவகங்களில் உனகி என்று சோற்றின்மேல் வைத்துத் தருகிறார்களே, அதுவும் அப்படித்தான். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு விலாங்கின் சாயலே இருக்காது. ஒளி ஊடுருவும், தட்டையான, இலை வடிவ உரு அது. லெப்டோசெஃபலஸ் என்று பெயர். மாதக்கணக்கில் கடலோட்டத்தில் மிதந்துவிட்டு, கரையை நெருங்கும்போதுதான் உருண்டு நீண்ட உடலாக மாறும். இதே இலைக்குஞ்சுப் பருவம் டார்ப்பன் என்ற மீனுக்கும் உண்டு. டார்ப்பன் பெரிய வெள்ளிச் செதிலும் பிளவுபட்ட வாலும் கொண்ட மீன். அதைப் பார்த்து யாரும் விலாங்கு என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் விலாங்குக்கு உறவு அந்தப் பக்கம்தான். வளர்ந்த உடல் மறைத்துவிட்டதைக் குஞ்சுப் பருவம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெலுட் முட்டையிடக் கடலுக்குப் போவதில்லை. வாய்க்கால், வயல், குட்டை, சதுப்பு என்று வாழும் இடத்திலேயே முட்டையிட்டு அங்கேயே குஞ்சு பொரிக்கும். இலைக்குஞ்சுப் பருவம் கிடையாது. ஆகவே விலாங்குகளுக்கு உரிய ஆங்குவில்லிஃபார்மீஸ் வரிசையில் அதற்கு இடமில்லை. அது சின்பிராங்கிஃபார்மீஸ் என்ற வேறு வரிசை, அதில் சின்பிராங்கிடே என்ற குடும்பம். இந்தக் குடும்பத்தில் இரண்டு டஜனுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள்தான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று வெப்பமான நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. தமிழில் சேற்று விலாங்கு என்று எழுதுவது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரே குழப்பத்துக்கு வழிவிடுவதால் இந்தக் கட்டுரையில் பெலுட் என்றே சொல்கிறேன். சிங்கப்பூரில் எல்லாருக்கும் புரியும்.

அதே சின்பிராங்கிஃபார்மீஸ் வரிசையில்தான் நம் ஆரலும் இருக்கிறது. ஊரில் மண்சட்டியில் புளிக்குழம்பு வைக்கும் அந்த ஆரல்தான், குருகு காத்து நின்று கொத்துவதாகச் சங்கப் பாட்டில் வரும் அதே ஆரல். முதுகில் தனித்தனியாக நிற்கும் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். கழுவும்போது கவனிக்காமல் இழுத்தால் கையைக் கிழித்துவிடும். மூக்கு நீண்டு, நுனியில் குழாய் வடிவில் நாசித்துளைகள் இருக்கும். பகலில் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி வைத்திருக்கும். சிங்கப்பூரின் காட்டு ஓடைகளிலும் ஓர் ஆரல் இனம் இயற்கையாகவே வாழ்கிறது. அலங்கார மீன் கடைகளில் கறுப்பு உடலில் சிவப்புக் கோடுகளோடு நெருப்பு ஆரல் விற்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பெலுட்டையும் ஆரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு என்று சொல்லத் தோன்றாது. மண்டையோட்டு எலும்புகளையும் செவுள் பகுதியின் அமைப்பையும் ஒப்பிட்டவர்கள்தான் அதைக் கண்டார்கள். பின்னர் டிஎன்ஏ ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

டிஎன்ஏ இன்னொரு கதவையும் திறந்தது. இந்த வரிசைக்கு மிக நெருக்கமான அடுத்த வரிசை எது என்று தேடியபோது கிடைத்தவர்கள் விரால், பனையேறிக் கெண்டை, கௌராமி, சண்டைமீன் ஆகியோர் அடங்கிய குழு. பட்டியலைக் கவனித்தால் ஒரு பொதுக்குணம் தெரியும். இவர்களில் பெரும்பாலோர் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவர்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குக் காயம் ஆறட்டும் என்று ஹாருவான் சூப் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே மலாய், சீனர், தமிழர் மூவரிடமும் உண்டு. அந்த ஹாருவான் விரால்தான். உனகியை விட அந்தச் சூப்பில் இருக்கும் மீன்தான் பெலுட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

விலாங்கு வடிவத்துக்கு வந்து சேர்ந்த மற்றவர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மலாய்ப் புளிக்குழம்பான அசாம் பெடாஸில் போடும் செம்பிலாங் ஒரு கெளுத்தி. பின்பாதியைப் பார்த்தால் விலாங்கு, தலையைப் பார்த்தால் மீசை. கடலோரச் சேற்றுத் திட்டுகளில் வளை தோண்டி வாழும் ரிப்பன் போன்ற செந்நிற மீன்கள் சில உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்க மின்விலாங்கு, பெயரில் மட்டுமே விலாங்கு. அதன் உறவுகள் கெளுத்தியும் கெண்டையும் இருக்கும் பக்கம். நம் வட்டாரத்து முகத்துவாரங்களில் சேற்றில் புதைந்து வாழும் பைசோடோனோஃபிஸ் என்ற மீனோ நேர்மாறானது. அது வயல் வரை ஏறி வரும், பெலுட் வாழும் சேற்றிலேயே வாழும், ஆனால் அசல் விலாங்கு. கூரான வாலை முன்னால் விட்டுப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். பெலுட் தலையை முன்னால் விட்டுத்தான் துளைக்கும்.

சேறு உடலுக்குச் செய்தது என்ன?

நீளமான உடல் என்றால் முதுகெலும்பில் கண்ணிகள் அதிகம் என்று அர்த்தம். பெலுட் குடும்பத்தில் இனத்துக்கு இனம் 98 முதல் 188 வரை முதுகெலும்புக் கண்ணிகள் இருக்கின்றன. நமக்கு முப்பத்து மூன்று. இத்தனை மூட்டுகள் இருப்பதால்தான் குறுகிய வளைக்குள் அப்படியே திரும்பி வர முடிகிறது.

கூடவே தேவையற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. வளர்ந்த பெலுட்டுக்கு மார்புத் துடுப்பு இல்லை, இடுப்புத் துடுப்பு இல்லை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வெறும் தோல் மடிப்பாகச் சுருங்கிவிட்டன. அவற்றுக்குள் முள்ளும் இல்லை, கதிரும் இல்லை. வால் துடுப்பு இருப்பதே தெரியாது. செதில் இல்லை. விலா எலும்புகள் இல்லை. நீரில் மிதக்க உதவும் காற்றுப்பையும் இல்லை. சேற்றில் கிடப்பவனுக்கு மிதவை எதற்கு? கண்கள் சிறுத்துவிட்டன. இரவில் வெளியே வந்து மோப்பத்தை நம்பி வேட்டையாடும். புழு, இறால், சிறு மீன், தவளை என்று வாய்க்குக் கிடைத்ததைத் தின்னும். உடல் முழுக்கச் சுரக்கும் சளிதான் அதற்குச் செதில், எண்ணெய், மழைச்சட்டை எல்லாம்.

பெலுட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் தொண்டைக்கு அடியில் ஒரே ஒரு பிளவு தெரியும். மற்ற மீன்களுக்குத் தலையின் இருபுறமும் இருக்கும் செவுள் திறப்புகள் இங்கே கீழே இறங்கி ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சின்பிராங்கிடே என்ற குடும்பப் பெயரே செவுள்கள் ஒன்றிணைந்தவை என்ற பொருளில் வந்ததுதான். சந்தையில் சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். பாம்புக்குச் செவுளே கிடையாது. விலாங்குக்குப் பக்கவாட்டில் இரண்டு திறப்புகளும் அவற்றின் பின்னால் இரண்டு மார்புத் துடுப்புகளும் இருக்கும்.

மூச்சு

என்னைக் கேட்டால் பெலுட்டின் கதையில் மிகச் சுவையான பகுதி அதன் மூச்சுதான்.

வெயிலில் காய்ந்த குட்டையின் அடிநீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. அழுகும் இலைதழைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அங்கே வாழ வேண்டுமானால் காற்றைத்தான் நம்ப வேண்டும். பெலுட்டுக்கு நுரையீரல் கிடையாது. வாயின் உட்சுவரும் தொண்டைச் சுவரும்தான் அதற்கு நுரையீரல். அந்தச் சவ்வில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. தலையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, ஒரு வாய்க் காற்றை விழுங்கித் தொண்டையை உப்ப வைத்துக்கொண்டு, உடலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நிற்கும். சந்தைத் தொட்டியில் தொண்டை வீங்கினாற்போல் நிற்பவை நோயாளிகள் இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கின்றன.

செவுள்கள் இருக்கின்றன, ஆனால் மிகவும் சிறுத்துப்போனவை. இது குறையாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து பெற்ற ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு இரத்தம் செவுள் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜனே இல்லை. அப்போது செவுளின் மெல்லிய சவ்வு வழியாக இரத்தத்திலிருந்து நீருக்கு ஆக்சிஜன் கசிந்து வெளியேறிவிடும். மேலே சம்பாதித்ததைக் கீழே பறிகொடுக்கும் நிலை. பெரிய செவுள் இருந்தால் பெரிய ஓட்டை. பெலுட்டின் செவுள் சுருங்கியதால் ஓட்டையும் சுருங்கியது. அதோடு அதன் இரத்தம் ஆக்சிஜனை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

குஞ்சுகளின் விஷயம் வேறு. முட்டையிலிருந்து வந்த உடனே காற்றை விழுங்கும் வசதி அவற்றுக்கு இல்லை. ஆனால் வளர்ந்தவற்றிடம் இல்லாத ஒன்று குஞ்சுகளிடம் இருக்கிறது: உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய இரண்டு மார்புத் துடுப்புகள். அவை இடைவிடாமல் அசைந்து, மேல்மட்டத்து நீரைத் தலையிலிருந்து வால் நோக்கித் தள்ளும். தோலுக்கு அடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தம் வாலிலிருந்து தலை நோக்கி ஓடும். இரண்டு ஓட்டங்களும் எதிரெதிர்த் திசை. இரத்தமும் நீரும் ஒரே திசையில் ஓடினால் இரண்டிலும் ஆக்சிஜன் அளவு சமமானதும் பரிமாற்றம் நின்றுவிடும். எதிர்த்திசையில் ஓடினால், ஆக்சிஜன் ஓரளவு நிறைந்த இரத்தம் இன்னும் அதிக ஆக்சிஜன் உள்ள புது நீரைச் சந்தித்துக்கொண்டே போகும். உடல் நெடுகப் பரிமாற்றம் நடந்துகொண்டே இருக்கும். அதாவது குஞ்சின் தோல் முழுவதும் ஒரே செவுளாக வேலை செய்கிறது. ஜாவாவில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கரேல் லியம் 1981இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். இரண்டு வாரங்கள் போல ஆனதும் அந்தத் துடுப்புகள் உதிர்ந்துவிடும். அதன்பின் காற்றுதான் கதி. துடுப்பில்லாத மீனின் முன்னோர்களுக்குத் துடுப்பு இருந்தது என்பதற்கு இதைவிடக் கண்முன் நிற்கும் சாட்சி வேண்டுமா?

ஆக்சிஜன் வாங்குவது பாதிப் பிரச்சினைதான். கழிவை வெளியேற்றுவது மீதிப் பாதி. மீன்கள் புரதத்தைச் செரிக்கும்போது உண்டாகும் அமோனியாவைச் செவுள் வழியாக நீரில் கரைத்துவிட்டுவிடும். நாம் செய்வதுபோல் யூரியாவாக மாற்றிச் சிறுநீராக அனுப்பும் வேலை பெரும்பாலான மீன்களுக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் நீர் வற்றிப்போய், ஈரச் சேற்றில் நாள்கணக்கில் கிடக்கும் பெலுட் எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? உடலுக்குள் தேங்கினால் அமோனியா மூளையைத் தாக்கும் நஞ்சு.

இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தேசியக் கல்விக் கழகத்திலும் இப் யுவென் குவோங், சியூ ஷிட் ஃபன் ஆகியோரும் அவர்களது குழுவினரும் 2000களின் முதற்பாதியில் பெலுட் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். நீருக்கு வெளியே 144 மணி நேரம், அதாவது ஆறு நாள் வைத்துப் பார்த்ததில், மீன் இரண்டு வேலைகளைச் செய்தது. புரதச் சிதைவைக் குறைத்து அமோனியா உற்பத்தியையே தணித்தது. மீறி உண்டானதைக் குளூட்டமின் என்ற தீங்கற்ற அமினோ அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்தது. சேற்றுக்குள் ஆறு நாளும் நாற்பது நாளும் புதைத்து வைத்தும் ஆராய்ந்தார்கள். நீண்ட காலம் சேற்றில் கிடக்கும்போது உற்பத்தியை அடக்கிக்கொள்வதே முதன்மை உத்தியாக இருந்தது. குளூட்டமின் செய்வதற்கும் ஆற்றல் செலவாகும் அல்லவா? சாப்பாடு இல்லாமல் படுத்திருக்கும்போது சிக்கனம்தான் புத்திசாலித்தனம்.

பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடிவது

பெலுட் முதலில் பெண்ணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. முட்டையிட்டு, இன்னும் வளர்ந்தபின், இடைப்பட்ட ஒரு பருவத்தைக் கடந்து ஆணாக மாறுகிறது. ஆகவே தொட்டியில் கிடப்பவற்றில் மிகப் பெரியவை பெரும்பாலும் ஆண்கள், சின்னவை பெண்கள். இது நோயோ விதிவிலக்கோ இல்லை, இயல்பான வாழ்க்கை வழி என்று 1963இல் காட்டியவரும் அதே கரேல் லியம்தான். வளையின் வாயில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காவல் காப்பது ஆண். பெரிய உடல் இருந்தால் காவல் பலமாக இருக்கும் என்பதால் பெரிதான பிறகு ஆணாவது லாபம் என்று பொதுவாக விளக்குவார்கள். பெலுட்டுக்குக் குரோமோசோம்கள் வெறும் பன்னிரண்டு சோடிதான். மீன்களில் இது மிகக் குறைவு. பால் மாறும் குணமும் இந்தக் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்து, மரபணு ஆய்வாளர்களுக்கு, குறிப்பாகச் சீனாவில், இது பிடித்தமான மீனாகிவிட்டது. சீனாவில் சாப்பாட்டு மேசையிலும் பிடித்தமானதுதான். ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

பெயர் வைத்தவர்களும் மாற்றியவர்களும்

1793இல் ரஷ்ய இயற்கையியலாளர் சூயேவ் இந்த மீனுக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டியபோது, அதை முரேனா என்ற விலாங்குப் பேரினத்தில்தான் வைத்தார். நம்ம ஊர்ப் பெரியவர்கள் சந்தையில் சொன்ன அதே தீர்ப்பு. வடிவத்தைப் பார்த்தால் வேறென்ன சொல்ல முடியும்? 1795இல் பெர்லின் மருத்துவர் பிளாக் தென் அமெரிக்க இனம் ஒன்றை வைத்து, ஒன்றிணைந்த செவுளைச் சுட்டும் சின்பிராங்கஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். 1800இல் பிரெஞ்சுக்காரர் லாசெபேட் ஜாவா மீனுக்கு மோனோப்டெரஸ் ஜாவானென்சிஸ் என்று பெயரிட்டார். பின்னாளில் எல்லாம் ஒரே இனம் என்று கருதி மோனோப்டெரஸ் ஆல்பஸ் என்ற ஒற்றைப் பெயருக்குள் சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை, சீனாவிலிருந்து இந்தோனீசியா வரை ஒரே இனம் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன.

2010இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அதைக் கலைத்துப் போட்டது. சீனாவும் ஜப்பானும் ஒரு கிளை, ரியூக்யூ தீவுகள் இன்னொரு கிளை, தென்கிழக்காசியா மூன்றாவது கிளை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு சொல்வது கடினம். ஆனால் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அதனால்தான் அண்மைப் பட்டியல்கள் சிலவற்றில் நம் வட்டாரத்துப் பெலுட்டுக்கு லாசெபேட் வைத்த ஜாவானென்சிஸ் என்ற பழைய பெயர் திரும்பி வந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெயர் தூசு தட்டப்பட்டு மீண்டும் பணிக்கு வருவது வகைப்பாட்டில் வழக்கமான விஷயம்தான்.

இந்தியாவிலும் பேரினங்கள் மறுபடி அடுக்கப்பட்டன. கேரளத்தில் செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகளிலிருந்து நிறமில்லாத, கண் மங்கிய சேற்று மீன்கள் கிடைப்பதுண்டு. நிலத்தடி நீரில் வாழ்பவை. தோலில் நிறமி இல்லாததால் இரத்தத்தின் சிவப்பு வெளியே தெரியும். இவற்றையும் இவற்றின் நெருங்கிய உறவுகளையும் சேர்த்து 2020இல் ரக்தமிக்திஸ் என்று தனிப் பேரினம் அமைத்தார்கள். வங்காளத்தில் விரும்பி உண்ணும் குச்சியா இப்போது ஒஃபிக்திஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. அதற்குத் தலையின் பின்புறம் இரண்டு காற்றறைகள் உண்டு. பெலுட்டின் வாய்ச்சவ்வு போதாதென்று தனி அறையே கட்டிக்கொண்ட மீன்.

இந்த வரிசையில் இன்னொரு குட்டிக் குடும்பம் மண்புழு ஆரல்கள். சௌதூரியிடே என்று பெயர். 1918இல் பர்மாவின் இன்லே ஏரியிலிருந்து அன்னண்டேல் விவரித்த மீனுக்கு இந்திய மீனியலாளர் சௌதூரியின் பெயரைச் சூட்டினார், குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. விரல் நீளம்கூடப் பல இனங்களுக்கு இல்லை. மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் கரிச்சதுப்புக் காடுகளின் தேநீர் நிறத் தண்ணீரில் இலைக்குப்பைக்கு இடையே வாழ்கின்றன. 1994இல் மாரிஸ் கோட்டலாவும் சிங்கப்பூரைச் சேர்ந்த கெல்வின் லிம்மும் இவற்றில் இரண்டு புதிய பேரினங்களை விவரித்தார்கள். ஒன்றின் பெயர் பிஹுனிக்திஸ். பீஹூன், அதாவது அரிசிச் சேமியா மீன் என்று அர்த்தம். மற்றொன்றின் பெயர் செண்டோல். ஆமாம், தேங்காய்ப்பாலில் பச்சை மாவுப்புழு மிதக்கும் அதே செண்டோல்தான். லத்தீன் பெயர் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும் சொல்வதுண்டு. உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து வைத்த பெயர்களாகத்தான் தோன்றுகின்றன.

சிங்கப்பூரில்

கிராமங்கள் நிறைந்திருந்த கம்பத்துக் காலத்தில் காய்கறித் தோட்டத்து வாய்க்கால்களில் பெலுட் சாதாரணமாகக் கிடைத்தது. இன்றும் இது இத்தீவின் சொந்த மீன்தான். கிராமப்புறக் குட்டைகள், சதுப்புகள், காட்டு ஓடைகள் ஆகியவற்றில் வாழ்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் சிமெண்டுக் கால்வாய்களில் வளை தோண்டச் சேறு இல்லாததால் அங்கே அதற்கு வேலையில்லை. தீவில் எஞ்சியிருக்கும் முக்கியமான நன்னீர்ச் சதுப்புக்காடான நீ சூன் பகுதி, பெலுட்டுக்கு மட்டுமின்றி நம் நாட்டுச் சொந்த நன்னீர் மீன்கள் பலவற்றுக்கும் கடைசிப் புகலிடம்.

வகைப்பாடு வெறும் ஏட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் பௌத்தர்களின் விசாக தினத்தை ஒட்டி நடப்பதைக் கவனிக்க வேண்டும். புண்ணியம் தேடிச் சந்தையில் உயிர்மீன் வாங்கி நீர்த்தேக்கத்தில் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பெலுட் இங்கே சொந்த மீன்தானே, விட்டால் என்ன என்று கேட்கலாம். தொட்டியில் கிடப்பது சீனப் பண்ணையிலிருந்து வந்ததாக இருந்தால் அது வேறு கிளை. பார்வைக்கு ஒன்று, மரபணுவில் வேறு. இங்கே விட்டால் நம் மீனோடு போட்டியிடலாம், கலக்கலாம், நோயும் கொண்டுவரலாம். 1990களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆசியப் பெலுட் காணப்பட்டது. இன்று ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் அது பரவிய இடங்களில் நன்னீர் இறால்வகைகள் கடுமையாகக் குறைந்துவிட்டன. வறட்சியில் மற்ற மீன்கள் சாகும்போது சேற்றுக்குள் பதுங்கி உயிர் பிழைக்கும் திறமை, வேற்று நாட்டில் ஆபத்தான திறமையாகிவிட்டது. சிங்கப்பூரில் 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி விலங்குகளை வெளியே விடுவது குற்றம். தேசியப் பூங்காக் கழகம் விசாகக் காலத்தில் இதற்காகவே விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறது.

வாங்கிச் சமைக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. நாத்தோஸ்டோமா என்ற உருளைப்புழுவின் இளம்பருவம் பெலுட்டின் தசையில் இருக்கக்கூடும். வேகாத மீன் வழியாக மனிதருக்குள் போனால் தோலுக்கு அடியில் ஊர்ந்து வீக்கம் உண்டாக்கும், சில நேரம் கண்ணுக்கும் மூளைக்கும்கூடப் போகும். தாய்லாந்தில் இது நன்கு அறியப்பட்ட நோய். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைப்பதை நம்ப முடியாது. சீனச் சமையலில் செய்வதுபோல் இஞ்சி, பூண்டு போட்டுக் கொதிக்கும் எண்ணெயில் வதக்கினாலும் சரி, நம் வீட்டு முறையில் மஞ்சள், மிளகு, புளி சேர்த்துக் குழம்பாக்கினாலும் சரி, உள்ளே வரை முழுதாக வேக வேண்டும்.